காருக்கு ஒரு ஜன்னல்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கண்டுபிடித்தவனை ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளியாயிற்று. ஆனால் ஓடி முடித்த சக்கரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று முறைப்படி சிந்தித்த முதல் மனிதர் நம் மேலாளர்தான் என்பது உலகத்துக்கு இன்னும் எட்டவில்லை. எட்டினால் சிலை நிச்சயம்.

அலுவலகத்தில் அவர் திட்டப் பிரிவுக்கு மேலாளர். வீட்டிலும் அப்படித்தான். கார் வாங்கினோமா, நாலு தூணை நட்டுத் தகரத்தைப் போட்டோமா என்று இருக்க அவருக்குத் தெரியாது. கார் வந்த மறுநாளே சாப்பாட்டு மேசையில் முதல் ‘கலந்தாய்வுக் கூட்டம்’ கூடியது. தலைவர் அவர். செயலாளர், கல்லூரியில் படிக்கும் மகள். மனைவி ‘பயனாளிகளின் பிரதிநிதி’. கட்டட மேஸ்திரி ‘தொழில்நுட்ப வல்லுநர்’.

“கார் ஷெட்டுதானே சார்? ஒரு வாரத்துல முடிச்சிரலாம்” என்றார் வல்லுநர்.

“ஷெட்டுன்னு சொல்லாதீங்க. ‘வாகன உறைவிடம்’. ஒரு வாரத்துல முடிக்க இது என்ன கோழிக்கூடா?”

இப்படி ஆறு கூட்டங்கள் நடந்தன. வீட்டில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த மூலையில் சூடு குறைவு என்று பார்க்க அவர் மூன்று வேளையும் தோட்டத்தில் நின்றார். புழுக்கமான இடத்தில் காரின் ரப்பர் பாகங்கள் சீக்கிரம் வெடித்துவிடும் என்று எங்கோ படித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. “பாவம், வாயில்லாத ஜீவன்” என்றார். கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை, மகளே பார்த்தாள்.

இடம் தேர்வானது. சமையலறையை ஒட்டித் தோட்டத்தில் இருந்த காலி இடம். சமையலறைச் சுவரையே உறைவிடத்துக்கும் ஒரு சுவராக வைத்துக்கொண்டால் ஒரு சுவர் மிச்சம். என்ன அருமையான மூளை! ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். சமையலறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருந்தது.

“என்னங்க, அதை அடைச்சுட்டா எனக்குக் காத்து எப்படி வரும்?” என்றாள் மனைவி. “இப்பவே தாளிக்கும்போது கண்ணு எரியுது. புகை ஒத்துக்காம போன மாசம் பூரா இருமிக்கிட்டே கெடந்தேன்.”

“ரொம்ப நல்ல கருத்து” என்று மேலாளர் மனதாரப் பாராட்டினார். மகளிடம் திரும்பி, “எழுதிக்கோ” என்றார்.

“எழுதிட்டா ஜன்னல் இருக்குமாப்பா?”

“கருத்து இருக்கும்.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “ரெண்டடி தள்ளிக் கட்டினா ஜன்னல் தப்பிச்சிரும் சார்.”

“வண்டி திரும்புற வளைவு? அது கெட்டுப்போகுமே! வரைபடத்தைப் பாருங்க.”

மேஸ்திரி வரைபடத்தை நேராகப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் டீயைக் குடித்துவிட்டுப் போய் வேலையை ஆரம்பித்தார்.

ஜன்னலைப் பெயர்த்தார்கள். ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். நல்ல தேக்கு ஜன்னல், வீணாக்க மேலாளருக்கு மனசு வருமா? உறைவிடத்தில் ஷட்டர் கதவுக்கு எதிர்ச் சுவரில், காரின் முகத்துக்கு நேராக மாட்டச் சொன்னார். காலையில் அது வழியாகத் தென்றல் வந்து காரைத் தடவியது. சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமைத்தாள். “சுவர் வழியா இருமல் சத்தம் கேக்குது, கொஞ்சம் மெதுவா இருமேன்” என்று மேலாளர் ஒரு நாள் கனிவோடு சொல்லியும் வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை மாலை அலுவலகம் விட்டு வந்தவர், காரைவிட்டு இறங்கி உறைவிடத்தின் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஸ்பேனர் வைக்கப் போட்ட அலமாரியில் உப்பு, மிளகாய்த்தூள், எண்ணெய்ப் புட்டி. மேஸ்திரி காலையிலேயே எல்லாவற்றையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜன்னலோரம் மனைவி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை.

“என்ன கூத்து இது?”

“சமையல்.”

“யாரைக் கேட்டு மாத்தின? ஒரு கூட்டம் போட வேண்டாமா?”

“ஆறு கூட்டத்துல உக்காந்தேனே, போதாதா? காரு மூச்சு முட்டக் கூடாதுன்னு அந்தப் பாடு பட்டீங்க. நான் மூச்சு முட்டி நின்னப்ப ஒரு தம்ளர் தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்களா? வயிறு எரியுதுங்க எனக்கு.” அவள் குரல் உடைந்தது. ஆனால் கரண்டி நிற்கவில்லை.

மேலாளர் திரும்பித் தெருவைப் பார்த்தார். மாலை வெயிலில் அவருடைய செல்லம் தனியாக நின்றது.

“அப்ப காரை எங்க நிறுத்துறது?”

“அடுப்படி காலியாத்தான் கெடக்கு. செவுத்தை ஒடைச்சு உள்ள விட்டுக்கோங்க.”

மேலாளர் பதறிப்போனார்.

“உனக்கென்ன பைத்தியமா? அங்க ஒரு ஜன்னல்கூட இல்ல! அதுக்குள்ள எப்படித் தாங்கும்?”

என்ன இருந்தாலும் அனுபவம் அனுபவம்தான். அந்த அறையில் எதுவும் மூச்சுவிட முடியாது என்பதை அவர் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஜன்னலை அடைத்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏழே வாரம்தான் ஆகியிருந்தது. உள்ளே நிற்கப்போவது கார் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.