டெல்பர்ட்டின் துப்பாக்கிப் பிடியைச் சொரசொரப்பாக்கிய விவரம்

அன்பு மைத்துனன் டெல்பர்ட்டுக்கு,

வயோமிங்கில் உன் அக்கா லொரீனும் நானும் நலம். அலாஸ்காக் கடலில் மீன்பிடிக் கப்பல் வேலையில் உன் பத்து விரலும் இன்னும் பத்தாகவே இருக்கின்றனவா என்று அறிய ஆவல்.

நீ கப்பலேறும்போது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தாயே, அந்தக் கறுப்புக் கைத்துப்பாக்கி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தொலையவில்லை, பயப்படாதே. போன வருஷம் துப்பாக்கி சுடும் கிளப் போட்டியில் அதன் பிளாஸ்டிக் பிடி வியர்த்த கையில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி, நீ கடைசி ஆளாக வந்து, அந்த அவமானத்தில் நானும் அல்லவா தலைகுனிந்தேன்? அடுத்த மாதப் போட்டிக்குள் உன் மானத்தைக் காப்பாற்ற முடிவு செய்தேன். சூட்டுக்கோலால் புள்ளி புள்ளியாகக் குத்தினால் பிடி சொரசொரப்பாகிவிடும், வீட்டிலேயே செய்யலாம் என்று இணையத்தில் ஒரு தாடிக்காரர் காட்டுகிறார். அவர் தாடியைப் பார்த்தாலே நம்பிக்கை வருகிறது.

சர்ச் விற்பனைக்கு மரப்பலகையில் எழுத்துச் சுடும் கோல் லொரீனிடம் இருந்தது, எடுத்துக்கொண்டேன். அலமாரியில் மேல்தட்டில் உன்னுடையது, கீழ்த்தட்டில் என்னுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஆனாலும் என் பொருளைத் தொட்டாலே என் கைக்குத் தெரியாதா? குண்டு இல்லையென்று மூன்று முறை பார்த்துக்கொண்டு, பாகங்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். உன் அக்கா வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம், அந்தத் துப்பாக்கி..."

"ஆம்பளைங்க கைவேலை நடக்குறப்ப குறுக்க பேசாதே."

முதல் மூன்று வரிசை முத்து முத்தாக வந்தது. நாலாவது வரிசையில் புகை மூக்கில் ஏறித் தும்மினேன், வரிசை குடிகாரன் நடையாகிவிட்டது. லொரீன் ஏதோ காகிதத்தை நீட்டி, "இதையாவது ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். "தள்ளிப் போ, சூடு" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணி அலற, கை தூக்கிவாரிப் போட்டு, கட்டைவிரல் வைக்கும் இடத்தில் கோல் மறுபக்கம் வந்துவிட்டது. அவளுடைய சாப்பாட்டு டப்பா மூடியை உருக்கி ஓட்டையை அடைத்தேன். மூடி நீல நிறம், ஆகவே பிடியில் ஒரு நீலப் பொட்டு. மூன்றாம் முறை அவள் வாயைத் திறக்குமுன் நான் முறைத்தேன். அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். பீன்ஸ் உரித்தபடி, காணிக்கைத் தட்டு வரும்போது சர்ச்சில் வைத்திருக்கும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூட்டில் பிடி கொஞ்சம் உள்வாங்கியதால் தோட்டா அடைக்கும் மேகசின் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. கிளப் செயலாளர் ஆர்விட் குறடு போட்டுத்தான் இழுத்தார். இழுத்துவிட்டுக் கேட்கிறார்: "யோவ் ஹார்லன், இதை எலி கடிச்சுதா, இல்ல நீயே கடிச்சியா?" பொறாமை! இடுப்பில் செருகிக்கொண்டு கடைவரை நடந்து பார்த்தேன். விலாப்பக்கம் காரட் துருவியதுபோல் ஆகிவிட்டது, இரண்டு நாளாகக் களிம்பு தடவுகிறேன். வழுக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

உனக்குக் கோபம் வரும், தெரியும். உங்கள் குடும்பத்துக்கே பொருள்மேல் பற்று அதிகம். கடைசியில் அது பிளாஸ்டிக்தானே அப்பா! பிளாஸ்டிக்குக்காகக் கண்கலங்குகிறவனை நான் ஆண்பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போட்டியன்று எல்லோர் முன்னாலும் சிரித்த முகத்தோடு இதை வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல். அதுதான் பெரிய மனசு.

உன் வலையும் வயிறும் நிறைய வேண்டும், கடல் உன்னைக் கவிழ்க்காமல் கரை சேர்க்க வேண்டும்.

உன் நன்மையைத் தவிர வேறெதுவும் நினைக்காத அத்தான்,
ஹார்லன் ப்ரூட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது லொரீன் அந்தக் காகிதத்தை மறுபடி என்முன் வைத்தாள். என் துப்பாக்கியின் ரசீது. அதிலிருக்கும் எண்ணும் நான் சுட்ட பிடியிலிருக்கும் எண்ணும் ஒன்றேதான். அலமாரி துடைத்தபோது தட்டு மாற்றி வைத்துவிட்டாளாம். "ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன். "மூணு தடவை வந்தேன். குறுக்க பேசாதேன்னீங்க, பேசல" என்கிறாள், பீன்ஸ் உரித்துக்கொண்டே. டெல்பர்ட், அது வெறும் பிளாஸ்டிக்கா? முப்பத்தொரு வருஷம் மாவட்டச் சாலையில் பனி தள்ளிவிட்டு, ஓய்வுபெற்ற அன்று எனக்கு நானே வாங்கிக்கொண்டதடா! ஒரு மணி நேரமாக அழுகிறேன். பற்று, ஆண்பிள்ளை என்று மேலே எழுதியதையெல்லாம் கிழித்துக் கடலில் போடு. என்னுடையதைப் போலவே வாங்கி என்னைக் குழப்பியது நீதான், ஆகவே மாற்றிக்கொள்வதுதான் நியாயம். உன்னுடையதை லொரீன் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அதை என்னிடம் கொடுக்கச் சொல்லி அவளுக்கு ஒரு வார்த்தை எழுது. அந்த நீலப் பொட்டு உன் நீலக் கண்ணுக்கு எடுப்பாக இருக்கும்.