அழகுமுத்து மோட்டார் சைக்கிள் ஏறிய படலம்

வாழி, அழகுமுத்து! பெரிய கங்காணி கந்தப்பனின் தவப்புதல்வனே, பதினெட்டு வயதுக்குள் சைக்கிளிலிருந்து ஏழு முறை விழுந்தும் மனந்தளராத மாவீரனே, எண்ணெய் வழியும் கிராப்போடும், மழை நாளிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடியோடும் ஹட்டன் வீதியில் உலா வந்த உன் பெரும்புகழைப் பாடப் புகுகிறேன். இதற்குக் கலைமகளை அழைத்துத் தொந்தரவு செய்வது முறையல்ல. ஆகவே, தகர டின்னில் உறையும் பெட்ரோலே, நீயே வந்து என் நாவில் இரு.

ஐம்பத்தாறாம் ஆண்டு, எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குக் கப்பலேறுமுன் தன் மோட்டார் சைக்கிளைக் கங்காணிக்கு விற்றுப் போனார். காளையின் கழுத்தும் கருங்கல்லின் நிறமும் கொண்ட அந்த இயந்திரத்தின் வயிற்றில் ஐந்நூறு என்று பொறித்திருந்தது. எதில் ஐந்நூறு என்று எவருக்கும் தெரியாது. “ஐந்நூறு குதிரை!” என்று கங்காணி, விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடிய பெரட்டுக் களத்தில் முழங்கினார். குதிரைகளைப் பார்த்தறியாத நாங்கள் அப்படியே நம்பினோம்.

கங்காணி ஆசைப்பட்டது அதன் சத்தத்துக்கு. ஆறு வருடமாக அந்தச் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டால் போதும்; ஆண்களின் தலைப்பா அவிழும், கொட்டும் மழையிலும் குடைகள் மடங்கும், கூடை சுமந்த பெண்கள் பாதையை விட்டு ஓரத்து வடிகாலான கானில் இறங்கி, ஓடும் தண்ணீரில் தலை குனிந்து நிற்பார்கள். துரை கடந்து போகும்வரை ஏறக்கூடாது. அந்த மரியாதை தன் மகனுக்கும் வேண்டும் என்பதே கந்தப்பன் தொடங்கிய யாகம். அதற்கு வாங்கிய வேள்விக் குதிரை இது.

வண்டியைத் துடைத்துச் சரிபார்த்த ஹட்டன் மெக்கானிக் மஃறூப் நானா ஒருவர்தான் தடுத்தார். “தம்பி, பயத்துல கைய முறுக்கிப் புடிச்சா இது இன்னும் பறக்கும். பழகின துரைக்கே ஒருக்கா கால் ஒடிஞ்சது. மொதல்ல சின்ன வண்டியொண்டுல ஆறு மாசம் பழகுங்க.”

“சிங்கக்குட்டிக்குப் பூனைப்பால் எதுக்கு நானா?” என்று கங்காணி பிரகடனம் செய்தார்.

அன்று மாலை, தொழிலாளர் லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என் வீட்டுக்காரி காளியாயி எதிர்ப் பிரகடனம் வெளியிட்டாள்: “தொரைக்கு எறங்குனேன், அது தலையெழுத்து. நான் மூக்கச் சிந்திவிட்ட பயலுக்குமா எறங்கணும்? வரட்டும், நடு ரோட்டுல நிப்பேன். சுத்திக்கிட்டுப் போகட்டும்.”

“கங்காணி ஒம் பேர வெட்டிருவாருக்கா!” என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

“வெட்டட்டும்டி. அவரு மகனுக்கு வண்டிய வெட்டித் திருப்பத் தெரியுதான்னு மொதல்ல பாக்கச் சொல்லு.”

குடங்கள் நிரம்பி வழிந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

பின்பு மூண்டது பெரும்போர். முதல் நாள் வீரன் தன் வாகனத்தை இருபத்திரண்டு முறை உதைத்தான். அது ஒரே முறை திருப்பி உதைத்தது. வீரன் கோழிக்கூண்டின் மேல் கிடந்தான். இரண்டாம் நாள் அது உயிர்பெற்றெழுந்து, அவன் ஏறுமுன்னரே தனியாகப் புறப்பட்டு, தேயிலைச் செடிகளைப் பகைவர் சேனையெனப் பிளந்து படுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் ஐந்து பேர் பிடித்துக்கொள்ள, பெரட்டுக் களத்தை ஒருமுறை வலம் வந்தான். கங்காணி தேங்காய் உடைத்தார். அதோடு குருகுலவாசம் முடிந்தது.

நான்காம் நாள் காலை நான் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கிடையே, சன்னலோரம் நின்றேன். வளைவுக்கு இந்தப் பக்கம் வீரன் கண்ணாடி அணிந்து கிளம்பினான். அந்தப் பக்கம் கொழுந்து நிறுக்கக் கூடைகளோடு பன்னிரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருபக்கமும் எனக்கு மட்டுமே தெரிந்தது.

சத்தம் வளைவைத் தாண்டியது. பன்னிரண்டு பேரும் கானில் இறங்கித் தலை குனிந்தார்கள். காளியாயியும் இறங்கினாள். சபதம் வாயில் இருந்தது. ஆறு வருடம் கால்களில் இருந்தது.

“ஏறுடி! மேல ஏறு!” என்று கத்தினேன். துரைக்கென்று ஒதுங்கிய காதில் என் குரல் விழவில்லை.

இடியென இரைந்து, புகையைக் கொடியென உயர்த்தி, வளைவைக் கண்டதும் மிரண்டு, மிரண்ட கணத்தில் கைப்பிடியை இறுக முறுக்கி, முறுக்கியதால் மேலும் சீறிய ஐந்நூறு புரவிகளையும் அடக்கும் வித்தை அறியாது, ‘அம்மா’ என்னும் வீரமுழக்கத்தோடு, தனக்கென்று துடைத்து வைத்தாற்போல் வெறிச்சோடிக் கிடந்த பாதை முழுவதையும் விட்டுவிட்டு, கானுக்குள் பாய்ந்தான் அழகுமுத்து.

வாழி, வீரனே! நீ ஒரு பல் இழந்தாய். உன் தந்தை முதலில் விளக்குக் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார், பிறகு உன்னைத் தூக்கினார். நீ வேண்டிய மரியாதை குறைவின்றிக் கிடைத்தது. துரைமார் பலர் ஆண்டுக்கணக்கில் ஆண்டு பெற்றதை நான்கே நாளில் பெற்றாய். பன்னிரண்டு பெண்கள் உனக்காகத் தண்ணீரில் இறங்கித் தலை வணங்கினார்கள், உன் வெற்றி மலைதோறும் ஒலிக்கட்டும்.

காளியாயி அன்று பின்னேரம் டிக்கோயா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.