ஆஸ்பத்திரிக்கு மிகவும் உகந்த கதவு

மனித குலம் இன்று அனுபவிக்கும் சுகங்களுக்குப் பொருள்களைச் செய்தவர்கள் காரணம் அல்லர். அவற்றைத் தொடாமலேயே மதிப்பிட்ட நிபுணர்கள்தான் காரணம். அந்த நிபுணர் குழுவுக்குத் தலைவர் நம் பெரியவர். தம் வாழ்நாளில் எந்தப் பொருளையும் அவர் பயன்படுத்திப் பார்த்து அபிப்பிராயம் சொன்னதில்லை.

"பயன்படுத்தினா நாமளும் பயனாளி ஆயிடுவோம். அப்புறம் நடுநிலைமை எங்க இருக்கும்?" என்பார்.

ஆகவே பொருள் அவர் முன்னால் படமாகத்தான் வரும். கண்ணை மூடிப் பயனாளியைக் 'கற்பனை' செய்வார். கண் திறக்கும்போது தீர்ப்பு தயாராக இருக்கும்.

அன்று நிபுணர் கூட்டத்தில் படமாக வந்தது கழிப்பறைக் கதவு. கைப்பிடி கிடையாது. அந்த இடத்தில் ஒரு சின்னத் தொடுதிரை. 'அறிவுக் கதவு' என்று திருநாமம். பெரியவர் கையெழுத்துப் போட்டால் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளிலெல்லாம் மாட்டிவிடுவார்கள். செய்தவர் பெரியவரின் மைத்துனர். இந்த உறவு நடுநிலைமையைப் பாதிக்காது என்பதையும் பெரியவர் கற்பனை செய்து உறுதிப்படுத்தியிருந்தார்.

"எப்படி இருக்கு அத்தான்?"

"கைப்பிடியையே தூக்கிட்ட பாரு மாப்ளே, அங்கதான் நீ நிக்கிற! பிடிச்சு இழுக்கறதெல்லாம் காட்டுமிராண்டித்தனம்."

"அந்தத் திரையோட நீலம் இருக்கே, வயித்துக் கலக்கமே அடங்கிடுமுங்க" என்று உருகினார் வண்ண நிபுணர்.

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் மட்டும் எழுந்தாள். "சார், வர்றவங்க நோயாளிங்க. கதவு திறக்கறதுக்குள்ள..."

"நீ நோயாளியா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்கெப்படித் தெரியும்? உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். காப்பி வந்தது. மறுபடியும் வந்தது. பெரியவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. கையெழுத்துக்காகப் பேனாவைத் திறந்தவர் அதை மூடிவிட்டு, நிபுணர்களுக்குப் பொருந்தாத வேகத்தில் எழுந்து நடந்தார்.

அந்த மாடியில் இருந்தது ஒரே கழிப்பறை. மாமன் மச்சான் மரியாதைக்காக மைத்துனர் அதில்தான் மாதிரிக் கதவைக் காலையில் மாட்டியிருந்தார்.

"வணக்கம்! எங்கள் குடும்பத்தில் இணைந்தமைக்கு நன்றி" என்றது கதவு.

"திற."

மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. தேர்ந்தெடுத்தார். விதிமுறைகள் ஓடின. படிக்காமல் ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கா இரண்டுக்கா என்று கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னார். "அருமையான தேர்வு!" என்று பாராட்டிவிட்டு நீல வட்டமொன்றைச் சுழலவிட்டது. பெரியவர் கால்களைப் பின்னிக்கொண்டார்.

"மாப்ளே! டேய் மாப்ளே!"

மைத்துனர் ஓடி வந்தார். "பதறாதீங்க அத்தான். முகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சுக்கங்க. அப்பதான் அது உங்களை மனுஷன்னு நம்பும்."

சிரித்துப் பார்த்தார். "முகம் தெளிவாக இல்லை. முதலிலிருந்து தொடங்கவும்" என்றது கதவு.

"உடைடா அதை!"

"ஐயோ, அழகு கெட்டுடுமே அத்தான்!"

மேற்கொண்டு விவாதிக்கத் தேவை இல்லாமற்போயிற்று. சற்று நேரத்தில் கதவு தானாகவே திறந்து, "தங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று விசாரித்தது. பெரியவர் உள்ளே போகவில்லை. அங்கே அவருக்கு இனி வேலை ஒன்றும் இல்லை.

ஜன்னல் திரைச்சீலையை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் கூட்டத்துக்குத் திரும்பியபோது, நிபுணர்கள் அனைவரும் மேற்கூரையின் வடிவமைப்பை ஆழ்ந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டும் நம்பிக்கை துளிர்த்தது.

"இப்ப என்ன சார் எழுதட்டும்?"

"எழுதிக்கோம்மா. ஆஸ்பத்திரிக்கு மிகவும் உகந்தது. உடனே மாட்டலாம்."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு மைத்துனரின் காதருகே குனிந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள இந்த மாடிக்குப் பழைய கதவை மாட்டிடு மாப்ளே. கைப்பிடி ஆடாம இருக்கணும்."

ஒன்றும் தெரியாமல் கையெழுத்துப் போட யாராலும் முடியும். நனைந்து தெரிந்துகொண்ட பிறகும் போடுவதற்குத்தான் நிபுணர் தேவைப்படுகிறார்.