நில்லு டாக்டரும் அப்பாவின் சனிக்கிழமைகளும்

தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களில், எங்கள் நில்லு டாக்டர் முன்னால் விறைப்பாக நிற்காதவர் ஒருத்தர்கூடக் கிடையாது. பட்டாளத்தில்கூட இத்தனை பேரை இத்தனை தடவை நிற்க வைத்திருக்க மாட்டார்கள்.

கோவிலம்பாக்கத்தில் மாவு மில்லுக்கு அடுத்த கதவுதான் அவர் கிளினிக். உள்ளே போனதும் பிரஷர் பார்த்துவிட மாட்டார். அஞ்சு நிமிஷம் பேசாமல் உட்காரணும். வாயைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து அஞ்சு நிமிஷம். மருமகளைப் பற்றிச் சொல்ல வந்த ஒரு அம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அப்புறம் கையில் பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்ப்பார். உடனே, "நில்லுங்க." நின்றபடி இன்னொரு தடவை. அவரும் கூடவே நிற்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னா டாக்டரே, இப்பதான ஒக்கார சொன்ன, அதுக்குள்ள நில்லுன்ற?" என்று ஆட்டோ ஓட்டுகிற பெரியவர் ஒருத்தர் அலுத்துக்கொண்டார்.

"வூட்ல நாள் பூரா ஒக்காந்துகினே இருப்பியா? எந்திரிச்சா உன் பிரஷர் இன்னா பண்ணுதுன்னு நான் பாக்க வேணாமா?" என்றார் டாக்டர்.

என் அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. ரிட்டயர்டு எலக்ட்ரீஷியன். நில்லு டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், செத்துப்போன டேபிள் ஃபேனாகப் பார்த்து வாங்கிவந்து உயிர் கொடுப்பதுதான் அவருக்கு உலகம். போன வருஷம் திடீரென்று தலைசுற்றல். ரெண்டு தடவை பாத்ரூம் வாசலில் சரிந்தார். மூணாவது தடவை இடுப்பு எலும்பு போனால் என்ன செய்வது? "இனிமே சந்தை கிடையாது" என்று சட்டம் போட்டேன். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமையே அவரை நில்லு டாக்டரிடம் அழைத்துப் போனேன். உட்கார்ந்தபோது பிரஷர் நன்றாகத்தான் இருந்தது. நின்றதும் மளமளவென்று இறங்கி, அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்குக் கண்ணெல்லாம் பளபள.

"விழுந்தது என்ன கிழமை தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

யோசித்தேன். தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு தடவையும் சனிக்கிழமை, சந்தைக்குப் போய்வந்த மறுநாள். அதைச் சொன்னேன்.

அப்பா பக்கம் திரும்பினார். "சார், வெள்ளிக்கிழமை மாத்திரை போடறீங்களா?"

அப்பா கிளினிக் ஃபேனைப் பார்த்தார். "அதைப் போட்டா அரை மணிக்கு ஒருதரம் ஒண்ணுக்கு வருது டாக்டர். சந்தையில நான் எங்க ஒதுங்கறது? அதான் அன்னிக்கு மட்டும் போடறதில்ல. ஆனா உங்களை ஏமாத்தக் கூடாதில்ல? சனிக்கிழமை காலையில ரெண்டு நாளுக்கும் சேர்த்துப் போட்டுடுவேன். இன்னிக்கும் போட்டேன், நேத்து இவனுக்குத் தெரியாம சந்தைக்குப் போயிட்டு வந்தேன் இல்ல?"

பெருமையாக வேறு சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டரோ சிரித்துச் சிரித்து இருமினார். "விட்டது விட்டதுதான் சார். மறுநாள் சேர்த்துப் போடவே கூடாது. எழுந்ததும் எதையாவது பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க, அப்புறம் நடங்க."

"சந்தைக்குப் போகாதீங்கன்னு நீங்களாவது சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"அதை நிறுத்தறதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல தம்பி" என்றவர் சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'வெள்ளி மட்டும், சந்தை முடிந்து வந்த பிறகு.'

அதற்கப்புறம் அப்பா விழவில்லை. மூணு மாசம் கழித்து, தான் உயிர் கொடுத்த ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். "இங்க ஓடறது ஃபேனா அது? அன்னிக்கே பார்த்தேன்." டாக்டர் பதறி முன்னால் வந்து வாங்கப் போனார். அப்பா கொடுக்கவில்லை. மேஜையில் வைத்து, அவர் பக்கம் திருப்பி, சுவிட்சைப் போட்டார்.

"நாள் பூரா எங்களோட நின்னுக்கிட்டே இருக்கீங்க. அஞ்சு நிமிஷம் உக்காருங்க டாக்டர். பேசக் கூடாது."

டாக்டர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார். அந்த அஞ்சு நிமிஷமும் அப்பா பக்கத்தில் நின்றார், எதையும் பிடித்துக்கொள்ளாமல்.