மாப்பிள்ளை கோட்டுக்கு மூன்று விரல் கூடுதல்

மட்டாஞ்சேரி,
18-7-1982

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி லக்ஷ்மிநாராயணன் அவர்கள் சமூகத்துக்கு வைத்தீஸ்வரன் அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் கோயமுத்தூரில் எப்படியோ, இங்கே வீட்டுக்குள் குடை பிடிக்காத குறைதான். அது தவிர எல்லோரும் சௌக்கியம். மாமிக்கும், குழந்தை ஜெயலக்ஷ்மிக்கும், தங்கள் தமக்கையார் கமலாக்ஷி அம்மாளுக்கும் எங்கள் விசாரிப்புகளைச் சொல்லவும்.

விஷயம் ஜானவாசக் கோட்டைப் பற்றியது. கல்யாணத்துக்கு முதல்நாள் கார் ஊர்வலத்துக்காக நீங்கள் தைத்துத் தருவதாகச் சொன்ன கோட்டு. தையல்காரர் துணியில் இன்னும் கத்திரி வைக்கவில்லை என்றால் தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்தவும். வைத்துவிட்டார் என்றால் ஒட்டுப் போட்டாவது மார்பில் மூன்று விரல் கூட்டச் சொல்லவும். மாப்பிள்ளை வளர்ந்துவிட்டான். இருபத்தாறு வயதில் ஒருத்தன் எப்படி ஐயா வளர்வான் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

வைகாசியில் நிச்சயதார்த்தத்தன்று உங்கள் தையல்காரர் கூடத்தின் நடுவில் மாப்பிள்ளை வெங்கிடேஸ்வரனை நிறுத்தி அளவெடுத்து, "மார்பு முப்பதரை" என்று ஏலம் விடுகிற குரலில் கூவினார் அல்லவா? அதற்குத் தங்கள் தமக்கையார், "முப்பதரையா? எங்காத்து வெங்கலப் பானைக்கே அதைவிடக் கூடுதல் இருக்குமே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், தவறாக நினைக்கவில்லை. வெங்கிடேஸ்வரனும் சிரித்தான். உள்ளே கதவோரம் நின்றிருந்த உங்கள் பெண்ணும் சிரித்துவிட்டாளாம், அதை இவன் பார்த்துவிட்டானாம். ஊர் திரும்பிய மறுநாளே தோப்புப்படியில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வர்கீஸ் ஆசான் நடத்துகிற வியாயாமசாலையில், அதாவது தேகப்பயிற்சிக் கூடத்தில், போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஆசான் முதல்நாளே சொல்லிவிட்டாராம்: "மோனே, எல்லா ஞாயறாழ்ச்சயும் அளவெடுக்கணும். கண்ணாடி நுண பறயும், அளவு பறயில்ல." கண்ணாடி பொய் சொன்னாலும் அளவு சொல்லாது என்பது அவருடைய சித்தாந்தம். வெங்கிடேஸ்வரன் டேப்பைத் தேடினான். என் அகத்துக்காரி மீனாக்ஷி தையல் மிஷினின் டிராயரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நம்பர் சொல்லி அளக்கவே வேண்டாம். ஒரு தடவை கூவிக் கேட்டதே போரும். வளர்ற உடம்பு, கண் பட்டுடும்" என்று ஒரே பிடிவாதம். கடைசியில் எங்கள் மிளகுக் கம்பெனியில் சாக்குத் தைக்கிற சணல் கயிற்றில் கொஞ்சம் கொண்டுவந்தேன். மார்பைச் சுற்றிப் பிடித்து, முனை வந்து தொட்ட இடத்தில் ஒரு முடிச்சு. இஞ்சும் இல்லை, எண்ணும் இல்லை. கயிற்றைச் சமையலறை ஜன்னல் கம்பியில் மாட்டினோம். முனை முடிச்சை எட்டவில்லை என்றால் பையன் வளர்ந்திருக்கிறான் என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இடவப்பாதி மழையும் பிடித்துக்கொண்டது, வெங்கிடேஸ்வரனின் வெறியும் பிடித்துக்கொண்டது. உத்தரத்தில் தொங்கினான், ஓடு இரண்டு விழுந்து நடுவீட்டில் அருவி. ஆட்டுக்கல் குழவியைத் தலைக்கு மேல் தூக்கி இறக்கத் தெரியாமல் திணறிக்கொண்டு நின்றபோது, கீழே மாவு அரைக்க வந்த மீனாக்ஷி "நாராயணா!" என்று அலறியதில் பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர்கள் எல்லோரும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்தார்கள். ஆசான் முட்டை சாப்பிடச் சொன்னார். அந்த வார்த்தையை வீட்டில் சொல்லவே முடியாததால் வேர்க்கடலையும் நேந்திரப்பழமுமாக உள்ளே தள்ளி, ஒருநாள் ஆபீஸில் மேனேஜர் முன்னால் வயிறு பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை வந்து கயிற்றைச் சுற்றினால் முனை முடிச்சை எட்டவில்லை! ஒரு விரல் இடைவெளி. அதற்கடுத்த வாரம் ஒன்றரை விரல். போன வாரம் மூன்று!

நான் ஆச்சரியத்தை வெளியே காட்டிக்கொள்கிற ஆசாமி இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. விடிகாலையில் கொல்லைப்பக்கம் அவன் தண்டால் எடுக்கிறபோது முதுகில் ஏதோ ஒன்று தோலுக்கடியில் ஓடி ஓடி ஒளிகிறது. பள்ளிக்கூடத்தில் காற்றடித்தால் லீவு போடுகிற பிள்ளை இது. இதை நான்தான் பெற்றேனா என்று பல் தேய்க்காமல் பிரஷ்ஷோடு நின்று பார்க்கிறேன். மீனாக்ஷி ஒவ்வொரு ஞாயிறும் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஜன்னலில் மாட்டுகிறாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீசை முளைத்த பிறகு நான் அவனைத் தொட்டதே கிடையாது. இப்போது வாரம் ஒருமுறை கயிறு சுற்றுகிற சாக்கில் இரண்டு கையாலும் அணைக்கிறேன். "அப்பா, இறுக்கிப் பிடிங்கோ, கள்ளக்கணக்கு வேண்டாம்" என்கிறான்.

ஆகையால்தான் இவ்வளவு சொல்கிறேன். ஊர் பார்க்கக் காரில் வரும்போது கோட்டுப் பித்தான் தெறித்துப் போனால் அவன் தாங்கமாட்டான். மூன்று விரல். கல்யாணம் ஆவணியில்தானே, அதற்குள் இன்னும் வளரும் என்பதால் உள்ளே மடிப்பும் தாராளமாக விடச் சொல்லவும். ஜெயலக்ஷ்மிக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம், குழந்தை நூறு வயசு நன்றாக இருக்கட்டும். மற்றதெல்லாம் நேரில் கண்டபோது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
வைத்தீஸ்வரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். இன்று பத்து நாளைக்குப் பிறகு வெயில் வந்தது. பூஞ்சைக் காளான் வாடை அடிக்கிறதென்று மீனாக்ஷி துணிகளோடு அந்தக் கயிற்றையும் கொடியில் போட்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை சரிபார்ப்போம் என்று அவன் முதுகுப்பக்கம் நின்று சுற்றினேன். முனை முடிச்சிலேயே வந்து உட்கார்ந்தது. "எத்தனைப்பா?" என்றான். "போரும்டா, கையை எறக்கு" என்றேன். பிறகு யாருக்கும் தெரியாமல் குளியலறைக்குப் போய், காய்ந்த கயிற்றை என் வயிற்றில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, கயிற்றை வாளியில் ஊறவைத்து மறுபடியும் சுற்றினேன். எனக்கும் மூன்று விரல் வளர்ந்திருந்தது. நனைந்தால் சணல் சுருங்கும் என்பது மிளகுக் கம்பெனியில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு இன்லண்டு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வாங்கவும் முடியாது, ஆகையால் மேலே எழுதியது அப்படியே வருகிறது. கோவிலுக்குப் போன இவன் திரும்பியதும் சொல்லிவிடலாம் என்றுதான் வாசலுக்குப் போனேன். இங்கே கோவிலில் ஆண்பிள்ளைகள் சட்டையைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. நிச்சயதார்த்தத்திலிருந்து இவன் வெளியே நின்றே கும்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தானாம், அதுவே எனக்கு இன்றுதான் தெரியும். இன்று உள்ளே போயிருக்கிறான். கழற்றிய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவின் நட்டநடுவில், வெற்று மார்போடு, நெற்றியில் சந்தனத்தோடு நடந்து வந்தான்.

ஆகையால் கோட்டைப் பழைய அளவிலேயே தைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது மட்டும், மூன்று விரல் கூட்டித் தைத்தது என்று சொல்லிக் கொடுங்கள். கச்சிதமாக இருக்கும்.