வாத்துக்கு வருந்திய போவன்

மண்ணுலகில் மாணாக்கர் பல வகையினர். அவருள் படியெடுப்பான் என்னும் இனத்தை, அன்பரே, நீவிர் அறியாதிருக்க வழியில்லை. சோம்பேறி என்று இகழாதீர். முதல் மணி ஒலிக்குமுன் வகுப்புக்கு வந்து, ஒரு கையில் இறைச்சி பொதிந்து ஆவியில் வெந்த பாவ்ஸி அப்பமும் மறுகையில் பேனாவுமாய், நண்பனின் ஏட்டிலிருந்து பதினெட்டுக் கணக்குகளை, அவன் கூட்டிய இடத்தில் கூட்டி, அடித்த இடத்தில் அடித்து, ஒரு பிழையும் சிந்தாமல் இறக்கிவைக்கும் உழைப்பு எளிதா? கணக்கைப் போட்டுவிடுவது அதனினும் எளிது.

சீனத்துச் சாங்ஷா நகரத்து எட்டாம் வகுப்பு லியாங் போவன் இவ்வினத்தின் திலகம். இரண்டு ஏடுகளில் ஒரே பாவ்ஸியின் எண்ணெய் படிந்திருந்தமையால் ஒரு திங்களன்று பிடிபட்டான். வகுப்பாசிரியை சியே, வழக்கப்படி, எண்ணூறு எழுத்தில் தன்குற்ற அறிக்கை எழுதி வகுப்பின்முன் வாசிக்கப் பணித்தார்; தவறினால், வெள்ளிக்கிழமைத் தொடரோட்டத்தில் அவனுக்கு இடமில்லை. இறுதிச் சுற்று அவனுடையது. பிறரைப் பாராமல் அவன் செய்யும் வேலை ஓட்டம் ஒன்றே.

எண்ணூறு எழுத்தா? சென்ற பருவத்தில் தோழன் து ஜியா எழுதிய அறிக்கையை வாங்கினான். பெயரை மாற்றினான். மறுநாள் குரல் தழுதழுக்க வாசித்தான்: "என்னால் வகுப்பின் மானம் போயிற்று. இனி ஒருபோதும் விடுதிக் குளியலறையில் வாத்து வளர்க்க மாட்டேன்."

வகுப்பு சிரிப்பில் குலுங்கியது. ஆசிரியை முகம் மாறவில்லை.

"வாத்த எங்கடா வச்சிருக்க?"

"அது அவனோடது, டீச்சர். நான் மன்னிப்பு மட்டுந்தான் கேட்டேன்."

"ஏன் காப்பியடிக்கிறேன்னு நீயா உக்காந்து எழுது. சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா வேற ஆள் ஓடுவான்."

போவன் பேனாவை மென்றான், பலகணியைப் பார்த்தான், பார்த்தெழுத அங்கே ஒன்றுமில்லை. நெடுநேரம் வருந்தி, பிறர் உதவியின்றி ஒரு வாக்கியம் பெற்றான்: 'நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை, எண்ணுகிறார்கள்.' மேற்கொண்டு வரவில்லை. இனத்தின் இயல்பு விடுமா? அவ்வொரு வாக்கியத்தையே பார்த்துப் பார்த்து, எண்ணூறு எழுத்து நிரம்பும்வரை படியெடுத்தான்.

மாலையில் ஆசிரியையின் மேசைமேல் ஐம்பத்து நான்கு ஏடுகள் குவிந்திருந்தன. அவர் தாளைப் புரட்டினார். வரிகளை விரலால் எண்ணினார். சிவப்பு மையால் 'படித்தேன்' என எழுதித் தேதியிட்டார்.

"இப்பத்தான் மனசுலேர்ந்து எழுதியிருக்க. போ, நல்லா ஓடு."

வெள்ளியன்று அவன் ஓடினான், வென்றான்.

நகைக்கிறீரோ, அன்பரே? ஒவ்வொரு வரியும் படித்தே இங்கு வந்தீர் அல்லவா? நன்று. முதற்பத்தியில் இறங்கிய கணக்குகள் எத்தனை? மேலே பாராமல் சொல்லும்.