கடைவாய்ப் பல்லில் ஏலரிசி

பத்தொன்பது வருடம் நான் எந்தப் பல் டாக்டரிடமும் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லா இடத்திலும் திறந்துகொண்டுதான் இருந்தேன். பத்திரிகையில் எழுதுவது போக, பட்டிமன்றம் பேசுவதும் என் பிழைப்பு. வாயை வைத்துச் சோறு தின்கிறவன், அந்த வாய்க்குள் என்ன நடக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தால் அவனை என்ன சொல்லித் திட்டலாம்? நானே ஏழெட்டு வார்த்தை யோசித்து வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாத ஒரே மனிதர் எங்கள் போடியில் இருக்கிறார். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கோபப்பட்ட டாக்டர் வேறு யாரும் இல்லை.

பெயர்ப் பலகையில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை. ஊருக்கு அவர் 'ஏன் கேக்காத டாக்டர்'.

அந்த 'ஏன்' மீது எனக்கு ஒரு பழைய பகை. பத்தொன்பது வருடத்துக்கு முன்பு மதுரையில் ஒரு பல் டாக்டர், என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு மாணவிகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஏன் சார் இப்படி விட்டீங்க? படிச்சவர்தானே நீங்க?" என்றார். படித்தவன்தான். திறந்த வாயோடு அதை நிரூபிக்க முடியவில்லை. அன்று பஸ் ஏறியவன், அதற்குப் பிறகு எந்தப் பல் டாக்டரின் படியையும் மிதிக்கவில்லை.

வீட்டில் கேட்டால் என் பதில் தயாராக இருக்கும்: "ஏலக்காய் சீசன் முடியட்டும்." எங்கள் ஊரில் வெள்ளையடிப்பது, பெண் பார்ப்பது, பங்காளிச் சண்டை எல்லாமே சீசன் முடியட்டும் என்றுதான் காத்திருக்கும். எனக்கும் ஏலக்காய்க்கும் உள்ள சம்பந்தம் பாயசத்தோடு சரி. அதை யாரும் கவனிக்கவில்லை, என் மனைவியைத் தவிர. சீசன் முடிந்தால் வெயில் வந்துவிடும். வெயிலில் பல்லைத் தொடக் கூடாது என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வலது கடைவாய்ப் பல்லில் விழுந்த ஓட்டைக்கும் நானேதான் வைத்தியன். வலித்தால் ஒரு கிராம்பு. கிராம்பு எரிந்தால் நாலு ஏலரிசி. போடியில் சட்டைப் பைக்குள் கையை விட்டால் ஏலக்காய் வரும் என்பதால் மருந்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே சொத்தை, வெளியே வாசம். இப்படியே ஓட்டினேன்.

பொங்கல் பட்டிமன்றத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கன்னம் வீங்கியது. கண்ணாடியில் பார்த்தால் எதிரணித் தலைவர் போல இருந்தேன்.

"இன்னும் சீசன் முடியலையா?" என்றாள் மனைவி.

கிளம்பினேன். வெறுங்கையோடு அல்ல, பட்டிமன்றக்காரன் தற்காப்பு இல்லாமல் போவானா? 'ஏன்' என்று அவர் கேட்டதும் எடுத்துவிட ஐந்து நிமிஷப் பேச்சு ஒன்றைத் தயார் செய்திருந்தேன். மதுரை, மாணவிகள், மான அவமானம் எல்லாம் அதில் இருந்தன. இடையில் கைத்தட்டலுக்குக்கூட இடம் விட்டிருந்தேன்.

வரிசையில் பக்கத்தில் ஒரு ஜீப் டிரைவர், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிறவர். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கண்ணே. வெத்தலை போட்டுப் போட்டு என் பல்லு பூராம் செங்கக் கலரு. ஒரு வார்த்தை கேக்கலயே மனுசன்! எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு" என்றார்.

உள்ளே போனேன். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும்; ஏலக்காய் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. நாற்காலியில் உட்கார வைத்தார். இரண்டு கைப்பிடிகளையும், போடி மெட்டு மலைப்பாதை வளைவில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். வாய்க்குள் எண்ணினார்.

"இருவத்தஞ்சு பல்லு நல்லா இருக்குண்ணே."

"மிச்சம்?"

"மிச்சத்தையும் பாப்போம்."

அவ்வளவுதான். வீக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, "வத்துனதும் வாங்க" என்று அனுப்பிவிட்டார். என் பேச்சு என்னிடமே இருந்தது.

அடுத்த முறை ஓட்டையைக் கிளறினார். இடுக்கியில் மூன்று கறுப்பு விதைகள் வந்தன. இப்போது மாட்டிக்கொண்டேன் என்று சந்தோஷமாகக் கண்ணை மூடினேன். அவர் அவற்றை ஒரு சின்னத் தட்டில் வைத்து, ஏலத்துக்கு வந்த சாம்பிள் மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மேமலையில வெளஞ்ச காயி. நல்ல காயிண்ணே. எங்க வாங்குனீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! மட்டமான காயைக் கண்டால் வியாபாரிகூட முகத்தைச் சுளித்துத் தட்டைத் தள்ளுவான். இவர் என் பல்லுக்கு அதைக்கூடச் செய்யவில்லை. நானே வலியப் போனேன்.

"டாக்டர், பத்தொன்பது வருசம்!"

"ம்."

"ஊக்கை வச்சுக் குத்தியிருக்கேன்."

"ம்."

"ராத்திரியில பல்லே விளக்குனது இல்ல!"

"செல்வி, அண்ணனுக்குத் தண்ணி கொண்டா. தொண்டை வறண்டு போச்சு பாரு" என்றார்.

செல்வி அவருடைய உதவியாளர், பக்கத்துச் சிலமலை ஊர்ப் பெண். தண்ணீர் கொண்டுவந்தாள். என் ஐந்து நிமிஷப் பேச்சை அந்தத் தண்ணீரோடு விழுங்கினேன்.

"கையைத் தூக்குனா நிப்பாட்டிருவேன்" என்று சொல்லியிருந்தார். பதினோரு முறை தூக்கினேன். அதில் நாலு, நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காக. ஒவ்வொரு முறையும் நிறுத்தினார். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு வாய் டீ குடித்துவிட்டு, நான் கையை இறக்கியதும் திரும்பினார். முறுக்கைக்கூட இடப்பக்கமே ஒதுக்கி மென்றார். அதுவும் ஒரு ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில் பல் பிழைத்தது. பிடுங்கவில்லை. பட்டிமன்றத்தில் பேசினேன், என் அணி தோற்றது. அதற்குப் பல் பொறுப்பல்ல.

கடைசி நாள் வெளியே வரும்போது செல்வியிடம் பொருமினேன். "என்னம்மா டாக்டர் இவரு? ஒரு வார்த்தை திட்டக் கூடாதா? திட்டுனாத்தானே நாலு பேரு ஒழுங்கா வெரசா வருவாங்க?"

அவள் உள்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு எப்படிண்ணே திட்டுவாரு? அவரு வலது கடவாப்பல்லு நாலு வருசமா ஆடுது. யாருகிட்டயும் காட்ட மாட்டேங்கிறாரு. பயம்."

திரும்ப உள்ளே போனேன். நாலு வருடம்! பல் டாக்டர்! படித்தவர்தானே இவர்? மதுரையில் வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வராது. 'ஏன்' என்ற சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவர் இடது கன்னத்தில் முறுக்கை அடக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த கண்.

"தேனியில ஒருத்தர் நல்லாப் பாக்குறாராம். என் வண்டியிலேயே போயிட்டு வந்துருவோம், டாக்டர். நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றேன்.

முறுக்கை விழுங்கிவிட்டு ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"போகலாம்ணே. சீசன் முடியட்டும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். சீசன் முடிகிற அன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறேன் என்றும் சொன்னேன்.

"அவரு கையைப் பிடிக்கிறது இருக்கட்டும்" என்றாள் அவள். "நீங்க பிடிச்ச பிடியில அவரு நாற்காலிக் கைப்பிடி உறை ரெண்டும் கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துருச்சாம். பிளாஸ்திரி போட்டு ஒட்டி வச்சிருக்கேன்னு செல்வி சந்தையில பாத்தப்பச் சொன்னா. 'அண்ணன்கிட்டச் சொல்லிராத'ன்னு டாக்டர் சொன்னாராம்."